அட்டை கடிக்காத கால்

— அந்த ஒன்பதாம் நம்பர் காலை மறுபடியும் கூப்பிடு, பாலா. நான் பாக்கணும்.

— காலை மட்டும் எப்படிங்கம்மா கூப்படறது? ஆளோடதான் வரும்.

— வரட்டும். ஒன்பது சுமலதாதானே?

— ஆமாங்க. ஓட்டத்துல அஞ்சாவது. லிஸ்ட்ல போட்டாச்சுங்க. எட்டுப் பேரும் முடிவாயிருச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நாலு மணி பஸ்ஸைப் புடிச்சுக் கூடலூர் போயி கூரியர்ல போட்டுருவேன்.

— பஸ்ஸைப் பிடிக்கிறது இருக்கட்டும். இதைக் கேளு. 'மேற்கண்ட எட்டுப் பேரையும் நேரில் பார்த்தேன். நேபாள மலைப் பயணத்துக்கு இவர்கள் தகுதியானவர்கள் என்று உறுதி கூறுகிறேன்.' கீழ பாதுகாப்புப் பொறுப்பாளர்னு என் பேர், சாந்தாமணி. பக்கத்துல பயணத் தலைவர்னு உன் பேர். இதுல பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையெழுத்துப் போட ஏலாது.

— டாக்டர் எல்லாத்தையும் பாத்துட்டாருங்களே. நெஞ்சுல குழாய் வெச்சுப் பாத்து, நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காரு.

— வெயில் அடிச்ச நாள்ல பாத்தாரு. அன்னைக்கு இந்த எஸ்டேட்டுல இருமுனது அவர் ஒருத்தர்தான். நான் டாக்டர் இல்ல பாலா, எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்சு. எனக்குக் குழாய் தெரியாது. கால் தெரியும்.

— கால்ல என்னங்க கண்டீங்க?

— இந்த மழையில புள்ளைங்க ஏழாம் நம்பர் தேயிலை மலையைச் சுத்தி ஓடிட்டு வந்திருக்குதுங்க. வந்து ஷூவைக் கழட்டுன கால் எல்லாத்தையும் நான்தான் உப்புத் தண்ணி தொட்டுத் தொடச்சேன். ஆளுக்குக் குறைஞ்சது நாலு அட்டைக் கடி. மனோகரன் மகனுக்குப் பதினொண்ணு. அவன் ஓடுன வேகத்துக்கு அட்டை நின்னு நிதானமா இடம் பாத்து ஏறியிருக்கு.

— அவன் எங்கீங்க ஓடுனான். தோட்டத்தை வெலைக்கு வாங்க வந்தவனாட்ட சுத்திப் பாத்துட்டு வந்தான்.

— இந்தச் சுமலதா காலு எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாணப் பொண்ணு காலு. மஞ்சள் பூசி நலங்கு வெக்கலாம். ஒரு கடி இல்ல.

— செல பேரோட ரத்தம் அட்டைக்குப் புடிக்காதுங்கம்மா.

— நாப்பது வருசம் இந்த எஸ்டேட்டுல இருக்கேன். தொரை ரத்தமும் குடிச்சிருக்கு, யூனியன் தலைவர் ரத்தமும் குடிச்சிருக்கு. பூசாரி வெரதத்துல இருக்கையில அவரையும் விடல. சுமலதாவுக்கு மட்டும் என்னா தனிச் சலுகை?

— அப்ப அந்தப் புள்ள ஓடவே இல்லீன்னு சொல்றீங்களா? ஒன்பதாம் நம்பர் வந்துச்சுங்களே. நான் வாட்சுல டைம் புடிச்சேன்.

— நம்பர் வந்துச்சு. இப்ப ரேணுகா காலுக்கு வருவோம். மொத அணியில ரெண்டாவதா வந்தவ. அட்டை வாயைத் தொறக்கிறதுக்குள்ள கடந்து போயிருப்பா. அவ கால்ல எத்தனை கடி? பதினேழு.

— அடக் கடவுளே. ரெண்டு தடவை ஓடியிருக்குது.

— ரெண்டாவது அணியில சுமலதா நம்பரைக் கட்டிக்கிட்டு. நீ குடைக்குள்ள நின்னு வாட்சைப் பாத்துக்கிட்டு இருந்த.

— மழையிலீங்கம்மா, எல்லாமே தலையோட பிளாஸ்டிக் படங்கு போத்திட்டு வந்துச்சு. நெஞ்சுல நம்பர் மட்டுந்தான் தெரிஞ்சுது. எனக்குச் சந்தேகமே வரலீங்க.

— உனக்கா வரல?

— ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?

— சும்மா கேட்டேன். ரேணுகாவைக் கூப்பிடு.

— ரேணுகா. ஏ புள்ள, இங்க உள்ள வா.

— வந்துட்டேன்ண்ணே. நர்சம்மா, ரத்தம் நின்னுருச்சு, ஒரு கடிதான் இன்னும் கசியுது. நான் செலக்ட்டுதான? எங்கம்மா கேக்கச் சொல்லுச்சு, நேபாளத்துக் குளிருக்கு ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமான்னு.

— கருப்பம்மாகிட்ட ரெண்டுன்னு சொல்லு. நீதான் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா செய்யிறியே.

— எனக்குப் புரியல நர்சம்மா. சத்தியமா நான்...

— சத்தியம் பண்ணாத. அப்புறம் மாரியம்மன் என்னைய சாட்சிக்குக் கூப்பிடுவா. ரெண்டாவது ஓட்டம் எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு.

— செம கஷ்டம் நர்சம்மா. அந்தச் சதுப்புல எறங்கி ஏறுறப்ப தொடை ரெண்டும் கழண்டு போச்சு. ஆனா மனோகரன் சித்தப்பா மகன் முன்னாடி போறானா, அவனை முந்தாம விடக் கூடாதுன்னு...

— ஒத்துக்கிட்டியே புள்ள.

— ஐயோ. பாலன் அண்ணே, நீங்க ஒரு வார்த்தை தடுத்திருந்தா நான் முடிச்சிருக்கவே மாட்டேன்.

— நான் எங்க தடுக்கறது? நீயேதான் ஓடி வந்து உழுந்த.

— நர்சம்மா, திட்டுறதுன்னா சீக்கிரம் திட்டிருங்க. அம்மா வெளிய நிக்குது. அதுக்கு ஸ்வெட்டர் சேதி மட்டும் போதும்.

— ஏன் ஓடுன?

— அவளுக்கு மழை வந்தா இழுப்பு வரும்ல. இன்னைக்குக் காலையிலேயே நெஞ்சு பூனை மாதிரி கத்துச்சு. பால்வாடியில இருந்து நாங்க ஒண்ணாத்தான் எங்கயும் போவோம். அவ இல்லாம நான் மட்டும் பனியைப் பாத்துட்டு வந்து அவகிட்ட என்னத்தச் சொல்றது? அவளுக்கு ரொம்ப ஆசை நர்சம்மா. அவ போன்ல இருக்கிறதெல்லாம் மலை போட்டோதான்.

— டாக்டர்கிட்ட சொல்லலையா அவ?

— கேட்டாரு. எப்பவாச்சும் சளி புடிக்கும்னு சொன்னா. அதுவும் உண்மைதான.

— இந்தப் புள்ளைங்களுக்குப் பயமே இல்லீங்கம்மா. ரெண்டையும் லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க. ரூல்ஸ்னா ரூல்ஸ். ஏமாத்துனவங்க யாரும் வரக் கூடாது.

— அண்ணே, நான் என் பேருக்கு நேர்மையாத்தான ஓடுனேன்.

— பேசாத. உனக்கு என்ன தெரியும்? மேல போயி ஒருத்தருக்கு மூச்சு நின்னா என்ன பண்ணுவ? அங்கயும் அவளுக்குப் பதிலா நீ மூச்சு விடுவியா?

— பாலா, மெதுவா. அவளை நான் கேக்குறேன். ரேணுகா, இப்படி உக்காரு. காலை நீட்டு, அந்தக் கசியிறதுக்குப் பஞ்சு வெக்கிறேன். இது தப்புன்னு உனக்குத் தோணலையா?

— கேட்டா கோவிக்காதீங்க. கொழுந்து நிறுக்கையில எங்கம்மா அவங்கம்மா பேருக்கு ரெண்டு கிலோ போட்டுக் குடுக்கும். முடியாத அன்னைக்கு அவங்க எங்கம்மாவுக்குப் போடுவாங்க. கங்காணிக்கும் தெரியும். அதுக்குப் பேரு ஏமாத்துறதா? அது மாதிரிதான் நெனச்சேன்.

— நல்லா கேட்ட. நானும் இந்த வேலைக்கு வர்றதுக்கு முந்தி கொழுந்து எடுத்தவதான். ஜீவா வயித்துல இருக்கையில எனக்கு ஒம்பது மாசமும் வாந்தி. தேயிலை வாசனைன்னாலே கொமட்டும். கூடைக்குள்ள தலையை விட்டு உக்காந்திருப்பேன். சாயங்காலம் நிறுவையில பாத்தா என் பேருக்கு இருவது கிலோ இருக்கும். யார் போட்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவன் பொறந்ததும் லய வீட்டுச் சனமே வந்து பாத்துட்டு, நம்ம கொழுந்து நல்லாத்தான் வெளைஞ்சிருக்குன்னு சொல்லுச்சு.

— அப்ப தப்பில்லைதான நர்சம்மா?

— அதுல தப்பில்ல. கொழுந்தை எடுத்துக் குடுக்கலாம். மூச்சை எடுத்துக் குடுக்க ஏலாது.

— ஜீவா அண்ணனுக்கும் இழுப்பு இருந்துச்சாமே. அம்மா சொல்லும். அதனாலதான் அங்க...

— ரேணுகா, போதும்.

— அவ கேக்கட்டும் பாலா. என் புள்ளையைப் பத்திப் பேசுறதுக்கு நான் யார்கிட்டயும் காசு வாங்குறதில்ல. ஆமா ரேணுகா, இருந்துச்சு. ஆறு வருசம் முந்தி நேபாளத்துக்கு ஆறு பேர் போனாங்க, அஞ்சு பேர் வந்தாங்க. அப்பக் கூட்டிட்டுப் போன கம்பெனிக்காரங்க பேப்பரைப் பாத்தாங்க, புள்ளையப் பாக்கல. மேல அவன் எந்திரிக்கலைன்னதும் களைப்பா இருக்கும், தூங்கட்டும்னு விட்டுட்டாங்க. கீழ எறக்குன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல.

— ஜீவா அண்ணன் இருந்திருந்தா இன்னைக்கு நான் மாட்டுனதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும்.

— சிரிச்சிருப்பானா? உன்னைய வெச்சு ஒரு மாசம் கதை கட்டியிருப்பான். எங்க ரெண்டு பேருக்கும் அவன் அங்க டீ போட்ட கதை தெரியும். உனக்குத் தெரியுமா?

— தெரியாது. சொல்லுங்க.

— பாலா, நீ சொல்லு. நீதான் கூட இருந்த.

— அது... அங்க மேல ஒரு ஊரு ரேணுகா. டீயில வெண்ணெயும் உப்பும் போட்டுக் குடிக்கறாங்க. இவன் ஒரு வாய் குடிச்சுட்டு, இதை எங்க பேக்டரி மேனேஜர் பாத்தா ராஜினாமா பண்ணிருவாருன்னு சொல்லிட்டு, பையில இருந்து நம்ம டஸ்ட் டீ பாக்கெட்டை எடுத்தான். ஊட்டுக்காரங்க அடுப்புல இவனே உக்காந்துட்டான். நல்லாக் கொதிக்க விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு சொம்புல இருந்து இன்னொரு சொம்புக்கு ஒரு ஆள் ஒசரத்துக்குத் தூக்கி ஆத்துனான். ஊரே கூடிருச்சு.

— அப்புறம்?

— ஒரு பெரியவர் மூணு டம்ளர் குடிச்சாரு. அவர் சொன்னதை எங்க கைடு மொழிபெயர்த்துச் சொன்னாரு. இந்தப் பையனுக்கு என் பொண்ணைக் குடுக்கறேன், கூட ரெண்டு எருமையும் தர்றேன், இங்கயே இருக்கச் சொல்லுன்னு. இவன் ரொம்ப யோசிக்கற மாதிரி தாடையைத் தடவிட்டு, எருமை பால் குடுக்குமான்னு கேட்டான்.

— எனக்கு அன்னைக்கு ராத்திரி போன் பண்ணான். எடுத்ததும், அம்மா உனக்கு எருமை பராமரிக்கத் தெரியுமான்னு கேக்குறான். நானும் அவனுக்குச் சளைச்சவளா? மருமக கறப்பாளான்னு கேளுன்னேன். பக்கத்துல இந்தப் பாலன் சிரிச்ச சிரிப்பு எனக்குப் போன்ல கேட்டுச்சு.

— வயித்தை வலிக்குது நர்சம்மா. பஞ்சு கீழ விழுந்துருச்சு பாருங்க.

— விழட்டும், ரத்தம் நின்னுருச்சு. சிரிச்சா நிக்கும். இப்ப நான் சொல்றதைக் கேளு. பாலா, நீயும் கேளு. சுமலதா மலை ஏற மாட்டா.

— நர்சம்மா...

— இரு, முடிக்கல. மேல போறதுக்கு முந்தி கீழ ஒரு ஊர்ல தங்குறோமே, அது எத்தனை மீட்டர் பாலா?

— ரெண்டாயிரம் சொச்சங்க.

— நம்ம ஊட்டி?

— அதுவும் அவ்வளவுதானுங்க.

— போன பூக்காட்சிக்கு ஊட்டிக்குப் போயி அவ மூணு நாள் ஆடுனதை நான் பாத்தேன். படகுல கூட ஆடுனா, கூட வந்த பேச்சி பயந்து அழுதா. டாக்டர் ஒரு மழை நாள்ல மறுபடியும் அவளைப் பாக்கட்டும். அவ இழுப்பை மறைக்காம சொல்லட்டும். அவர் சரின்னு எழுதிக் குடுத்தா, அந்தக் கீழ் ஊர் வரைக்கும் வரலாம். அதுக்கு மேல ஒரு அடி கிடையாது.

— அங்க உக்காந்து அவ என்ன பண்றது?

— பெரட்டு எடுக்கணும்.

— பெரட்டா?

— எங்கப்பா இலங்கையில கங்காணியா இருந்தவர். அங்க காலையில மலைக்குப் போறதுக்கு முந்தி ஆள் எண்ணுறதுக்குப் பெரட்டுன்னு பேர். சாயங்காலம் எறங்குனதும் மறுபடியும் எண்ணுவாரு. ஒரு தலை குறைஞ்சா ஒருத்தரும் லயத்துக்குப் போக ஏலாது, திரும்ப மலைக்குத்தான். சுமலதா காலையிலயும் சாயங்காலமும் போன்ல ஒவ்வொருத்தர் குரலையும் கேக்கணும். இருக்கான்னு அடுத்தவன் சொன்னா ஏத்துக்கக் கூடாது. அவனவன் வாயாலதான் சொல்லணும். யாராவது தூங்குறான்னு சொன்னா, எழுப்பிக் குடுன்னு கேக்கணும். எழும்பலைன்னா அப்பவே கீழ எறக்கச் சொல்லணும்.

— அதுக்கு அவதான் சரி நர்சம்மா. எங்க வகுப்புல லீவு போட்டவங்களை மிஸ்ஸைவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்.

— பனி கண்ணுக்குத் தெரியுமா பாலா, அந்த ஊர்ல இருந்து?

— நல்லாத் தெரியுங்க. சாயங்காலம் எதிர்ல மலையே தங்கமாட்ட இருக்கும்.

— கேட்டியா? போட்டோவுக்கு அது போதும். அடுத்து நீ. ஒண்ணு, நாளைக்கு ஓட வந்த மத்த பதினோரு பேர் முன்னாடியும் நீயா நடந்ததைச் சொல்லணும். ரெண்டு, மேல போனதும் எவனாவது எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னா, மொத ஆளா நீதான் நம்பக் கூடாது. பொய் எப்படி வரும்னு உனக்குத் தெரியும்ல.

— அப்ப நான் போறேனா?

— ரெண்டு தடவை ஓடியும் மனோகரன் மகனை முந்துனவளை விட்டுட்டு யாரைக் கூட்டிட்டுப் போறது? சுமலதா எடத்துல, ஓட்டத்துல அடுத்ததா வந்த பேச்சி ஏறட்டும். போ. போயி சுமலதாகிட்ட நீயே சொல்லு. அழுதா அழ விடு. அப்புறம் பெரட்டைப் பத்திச் சொல்லு.

— சரி நர்சம்மா. பாலன் அண்ணே, கோவமா?

— இல்ல புள்ள. போ. படி வழுக்கும், மெதுவாப் போ.

— மெதுவாப் போனா அட்டை ஏறும்ண்ணே.

— வாயைப் பாரு. சரி பாலா, பேனாவை எடு. எட்டுப் பேர்ல பேச்சியைச் சேரு. சுமலதா பேருக்கு நேரா எழுது. 'மலை ஏறத் தகுதியில்லை. டாக்டர் ஒப்புதலுக்குப் பிறகு கீழ் ஊர் வரை மட்டும்.' எழுதிட்டியா? ஏன், பேனாவைக் கீழ வெச்சுட்ட?

— அம்மா, என் பேரையும் எடுத்துருங்க.

— என்னா?

— தலைவர்னு மனோகரன் அண்ணனைப் போட்டுக்கங்க.

— மனோகரனா? அவன் இந்த ஆஸ்பத்திரிப் படி ஏறுறதுக்கு ரெண்டு தடவை உக்காருவான். என்னா ஆச்சு உனக்கு?

— அந்தப் புள்ளையத் திட்டுனேன் பாருங்க. எனக்கு அதுக்குத் தகுதி இல்லீங்க. ஆறு வருசமா சொல்லோணும், சொல்லோணும்னு உங்க ஊட்டு வாசலுக்கு வருவேன். நீங்க தட்டைப் போட்டுச் சோத்தை வெச்சுருவீங்க. தின்னுட்டுப் போயிருவேன்.

— இப்ப சோறு இல்ல. சொல்லு.

— அன்னைக்கும் இதே மலை, இதே மழைங்க. ஓட்டத்துல ஜீவா மூணாவதுன்னு பேப்பர்ல இருக்கும். அது ஜீவா இல்லீங்கம்மா. அவன் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி உக்காந்து பொரி தின்னுட்டு இருந்தான். அவன் நம்பரைக் கட்டிட்டு ரெண்டாவது தடவை ஓடுனது நானுங்க.

— பொரியா தின்னான்?

— ஆமாங்க. எனக்கும் ஒரு கை வெச்சிருந்தான். மழையில நமுத்துப் போயிருந்துச்சு.

— வெச்சிருப்பான். தனியாத் தின்ன மாட்டான்.

— ஏதாவது சொல்லுங்கம்மா. திட்டுங்க. நான் ஓடாம இருந்திருந்தா அவன் போயிருக்கவே மாட்டான்.

— பாலா, அன்னைக்கு உன் கால்ல எத்தனை கடின்னு ஞாபகம் இருக்கா?

— இல்லீங்க.

— பத்தொன்பது. இதே பெஞ்சுலதான் உன்னைய உக்கார வெச்சு உப்புத் தண்ணி தொட்டேன். எரியுது, எரியுதுன்னு கத்துன.

— அப்ப... உங்களுக்குத் தெரியுங்களா?

— இந்தப் பயணத்துக்குத் தலைவரா கிளப் கூட்டத்துல உன் பேரைச் சொன்னப்ப மொதல்ல கை தூக்குனது யாரு?

— நீங்கதான். ஏன்னு எனக்கு இன்னும் புரியலீங்க.

— அந்த ஓட்டம் ஓடுன காலு உன்னோடது. இனிமே அடுத்தவன் பேருக்கு ஒருத்தன் ஓடுனா, நீ குடைக்குள்ள நிக்காம கிட்டப் போயி முகத்தைப் பாப்ப. இன்னைக்குப் பாக்கல, நாளையில இருந்து பாப்ப. போடு கையெழுத்தை. நான் போட்டுட்டேன் பாரு.

— போட்டுட்டேங்க.

— தேதியும் போடு. பஸ் ஹாரன் கேக்குது.

— அடுத்த பஸ்ஸுல போறேங்க. இதை மட்டும் சொல்லுங்கம்மா. எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும்? அவனைக் கொண்டு வந்ததுக்கு அப்புறமா?

— ஓட்டம் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே அவன் வெள்ளை சாக்ஸை நான்தானே துவைச்சேன், ஒரு பொட்டு ரத்தம் இல்ல. உள்ள அவன் விசிலடிச்சுக்கிட்டே பையை மூணாவது தடவையா அடுக்கிக்கிட்டு இருந்தான், கிளம்ப இன்னும் பன்னெண்டு நாள் இருந்துச்சு பாலா, நான் சாக்ஸைப் புழிஞ்சு கொடியில காயப் போட்டேன்.